பலூன் உடைந்த பிறகு

ஜூலை 8

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீயும் நலம் என்பதை உன் அறைத்தோழி போனில் கத்தியதிலிருந்து தெரிந்துகொண்டேன். அவள் டிரம்ஸ் வாசிப்பவள் என்று நீ சொல்லியிருக்காவிட்டாலும் கண்டுபிடித்திருப்பேன்.

நீ சொல்லிவிட்டுப் போனபடியே எல்லாம் செய்தோம். முன்னறையில் நீ தரையில் ஒட்டிய கறுப்புப் பட்டையின் மேல் முக்காலி, முக்காலியின் மேல் ரெக்கார்டர். ஜன்னல்களை மூடி, மின்விசிறியை நிறுத்தினோம். கதவோரம் நின்று பலூனை ஊசியால் குத்த வேண்டும், பிறகு நீ எழுதிக் கொடுத்த பத்தியை வாசிக்க வேண்டும். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் தினமும் அமிலத்தோடு வேலை செய்கிறவள் நான். இருந்தும் பலூனைக் குத்தக் கை வரவில்லை. அப்பாதான் குத்தினார். எதிர்வீட்டு அக்கா ஓடி வந்து, "யாருக்குப் பொறந்தநாள்? எங்களைக் கூப்பிடவே இல்லையே!" என்றார். "காலேஜ் பாடம்" என்றேன். அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

என் சந்தேகம் இன்னும் அப்படியே இருக்கிறது. இசைத் தொழில்நுட்பமும் ஒலிப்பதிவும் என்று பெயர் வைத்த பட்டப் படிப்பில் முதல் இரண்டு வாரமும் கேபிள் சுருட்டத்தான் கற்றுக் கொடுத்தார்கள் என்கிறாய். வேதியியலில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டுப் போனது இதற்கா என்று நான் கேட்கவில்லை. எழுதிவிட்டேனே தவிர, கேட்கவில்லை.

ரெக்கார்டரிலிருந்த மெமரி கார்டை இத்துடன் வைத்திருக்கிறேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு தெருவைக் கடக்காதே.

இப்படிக்கு,
அம்மா

பூனை, பலூன் உடைத்த பெருமை முழுவதும் எனக்கே. உன் அம்மா அந்தப் பத்தியை வாசித்த மாதிரி நான் கோர்ட்டில் வாசித்தால் கட்சிக்காரன் அடுத்த வக்கீலைப் பார்க்கப் போய்விடுவான். என் சட்டப் புத்தகங்கள் எல்லாம் உன்னை விசாரித்தன.
அப்பா


ஜூலை 24

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

நான் நலம். கொஞ்சம் இளைத்திருக்கிறேன், அவ்வளவுதான். கவலைப்பட வேண்டிய அளவுக்கு இல்லை.

கார்டு பத்திரமாக வந்தது. போனிலேயே அனுப்பினால் என்ன என்று அப்பா கேட்டாராமே. போனில் அனுப்பினால் சத்தத்தை நசுக்கித்தான் அனுப்பும். எனக்கு வேண்டியதே பலூன் உடைந்த பிறகு அறையில் மிஞ்சி நிற்கும் சத்தம்தான். முதலில் நசுங்கிப் போவதும் அதுதான். அதனால் தபால். தபாலோடு உன் கடிதமும் வருகிறது என்பது எனக்கு லாபம், அம்மா. போனில் நீ "சாப்பிட்டியா" என்பதற்கு மேல் பேசுவதில்லை.

எங்கள் ஆய்வக ஆசிரியரை எல்லோரும் 'டெசிபல் சார்' என்றுதான் சொல்வோம். அவர் முன்னால் இல்லை. இந்தப் பாடம் அவர் வைத்தது. ஆளுக்கு ஓர் அறை. மாதம் ஒரு தடவை அதே இடத்தில், அதே மாதிரி பதிவு. டிசம்பரில் அந்த அறையின் குணம் என்னவென்று எழுதித் தர வேண்டும். அதை வைத்துத்தான் ஒலிப்பதிவுப் பிரிவுக்கு ஆள் எடுப்பார்கள். கிடைக்காதவர்கள் மேடைக்கு ஒலிபெருக்கி கட்டும் பிரிவுக்குப் போக வேண்டும். அதுவும் நல்ல வேலைதான். ஆனால் நான் வந்தது அதற்கு இல்லை.

நம் முன்னறையைக் கேட்டுவிட்டு சார், "யாரும்மா இந்த வீட்ல? சத்தம் இவ்வளவு சமத்தா அடங்குதே" என்றார். வக்கீல் வீடு, ஒரு சுவர் முழுக்கப் புத்தகம், கீழே கம்பளம் என்றேன். "புத்தகம் சத்தத்தைக் குடிக்கும்" என்றார். அரை வினாடிக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. வகுப்பிலேயே நல்ல அறை நம்முடையதுதான்.

சின்ன வயதில் மாடியில் எறும்பு நடந்தால்கூட எனக்குக் கேட்கும் என்று அப்பா 'பூனை' என்று பேர் வைத்தாரே, அதை இங்கே உளறிவிட்டேன். இப்போது வகுப்பு முழுவதும் மியாவ் என்கிறது.

அன்புடன்,
மகள்


ஆகஸ்ட் 13

அன்புள்ள மகளுக்கு,

நலம். இளைத்திருக்கிறாய் என்று நீயே எழுதுமளவுக்கு இளைத்திருந்தால் அது கவலைப்பட வேண்டியதுதான்.

இரண்டாவது கார்டு. இந்த முறை பலூனை நானே குத்தினேன். நினைத்த அளவுக்குப் பயமாக இல்லை. பத்தியை நிதானமாக வாசித்திருக்கிறேன்.

இங்கே மழை விட்டுவிட்டது. பரிசோதனைக் கூடத்தில் வேலை அதிகம். அப்பாவுக்கு வழக்கு இருக்கிறது, அதனால் அவர் எழுதவில்லை. நலமாக இருக்கிறார்.

இப்படிக்கு,
அம்மா


ஆகஸ்ட் 29

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமா? அப்பாவுக்கு என்ன அப்படிப் பெரிய வழக்கு, இரண்டு வரி எழுத முடியாத அளவுக்கு?

கார்டில் ஒரு சிக்கல். போன மாதம் அரை வினாடியில் அடங்கிய அறை இந்த மாதம் ஏறக்குறைய ஒரு வினாடி முழங்குகிறது. முதலில் நான் சந்தோஷப்பட்டேன், ஏதோ கண்டுபிடித்துவிட்டோம் என்று. டெசிபல் சார் கேட்டுவிட்டு, "மழைக்கும் வெயிலுக்கும் சத்தம் மாறும்தான். அதுக்காக ரெண்டு மடங்கா? இது வேற ரூம்மா" என்றார். "எங்க அம்மா அப்படிச் செய்ய மாட்டாங்க சார்" என்றேன். "அப்ப உனக்கு அளக்கத் தெரியல" என்றார்.

நீ முக்காலியை நகர்த்தினாயா? ஜன்னல் திறந்திருந்ததா? புத்தக அலமாரியை எங்காவது மாற்றினீர்களா? கோபித்துக்கொள்ளாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுது.

உன் குரலும் ஒரு மாதிரி இருக்கிறது. நிதானமாக வாசித்ததால் இருக்கலாம்.

அன்புடன்,
மகள்


செப்டம்பர் 11

அன்புள்ள மகளுக்கு,

நலம். உன் கேள்விகளுக்குப் பதில்.

முக்காலி பட்டையின் மேல்தான் இருந்தது. ஜன்னல்கள் மூடியிருந்தன. அலமாரி இருந்த இடத்திலேயே இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடித்தோம், அதனால் இருக்குமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

எங்கள் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. அளவு விநோதமாக வந்தால் முதலில் கருவியைச் சந்தேகிப்போம், அடுத்து கருவியைப் பிடித்த கையை, அதற்கும் பிறகுதான் தண்ணீரை. அந்த வரிசையில் போய்ப் பார்.

மூன்றாவது கார்டு இத்துடன்.

இப்படிக்கு,
அம்மா


செப்டம்பர் 28

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோருக்கும் ஜலதோஷம், எனக்கு மட்டும் இல்லை. நீ எப்படி?

நீ சொன்ன வரிசையில் போனேன். இங்கே என்னிடம் இருப்பதும் அங்கே உன்னிடம் இருப்பதும் ஒரே வகை ரெக்கார்டர்தானே. இங்கே இருப்பதை ஸ்டுடியோவில் வைத்துச் சோதித்தேன். சரியாக இருக்கிறது. கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். டிரம்ஸ்காரியை வைத்தும் போட்டேன், அவளுக்குக் கணக்கு வரும் என்று யாரும் நம்ப மாட்டார்கள். அதே விடை. மூன்றாவது கார்டிலும் முழங்குகிறது. வெள்ளையடித்ததால் இவ்வளவு மாறாது.

கண்ணை மூடிக் கேட்டால் அந்த அறையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது, அம்மா. ஆனால் அலமாரி அங்கேயே இருக்கிறது என்று நீ எழுதியிருக்கிறாய். உன் வார்த்தையையும் என் காதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நான் உன் வார்த்தையைத்தான் எடுத்துக்கொள்வேன். ஆகவே தப்பு என் காதில்தான். அது எங்கே என்று மட்டும் தெரியவில்லை.

வகுப்பில் சார், "பூனைக்கு ஜலதோஷம் போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்பா எப்போது போன் செய்தாலும் ஆபீசிலிருந்துதான் பேசுகிறாரா? சின்ன அறைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்கிறது. இதையும் தப்பாகத்தான் கேட்கிறேனோ என்னவோ.

அன்புடன்,
மகள்


அக்டோபர் 14

அன்புள்ள மகளுக்கு,

நலம். அப்பாவும் நலம்.

நான்காவது கார்டு. இந்த முறை உனக்குச் சரியாக வரும் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா


நவம்பர் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

நீயும் அப்பாவும் நலமாக இருப்பீர்கள்.

நான்காவது கார்டு மூன்றாவதைவிட மோசம். மேலே இருக்கும் மெல்லிய சத்தமெல்லாம் சட்டென்று செத்துவிடுகிறது. கனமான சத்தம் மட்டும் கீழே உருண்டுகொண்டே இருக்கிறது. போர்வை போர்த்திக்கொண்டு பேசுகிற அண்டாவைப் போல. ஆக, ஒரே அறைக்கு என்னிடம் மூன்று விதமான விடை இருக்கிறது. டெசிபல் சார் தாளை என் பக்கம் தள்ளி, "இதை நான் திருத்த மாட்டேன். ஒண்ணு உங்க வீட்ல விளையாடுறாங்க, இல்ல நீ விளையாடுற" என்றார். தாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என்னிடம் வேறு காரணமும் இல்லை.

ஒலிப்பதிவுப் பிரிவுக்குப் பெயர் கொடுக்கப் போவதில்லை. காது இல்லாதவள் ஒலிப்பதிவு படித்து என்ன ஆகப் போகிறது? நீ முதலிலேயே சொன்னாய். அடுத்த வருடம் வேதியியலுக்கே விண்ணப்பம் போடுகிறேன். எப்போது கொடுப்பார்கள் என்று விசாரித்து வை. உனக்குத்தான் அங்கே எல்லோரையும் தெரியுமே.

இனி பலூன் உடைக்க வேண்டாம். உனக்கும் நிம்மதி, எதிர்வீட்டு அக்காவுக்கும் நிம்மதி.

மகள்


நவம்பர் 21

அன்புள்ள மகளுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. பதில் தாமதமானதற்கு வேறு காரணம்.

உன் காதில் தப்பு இல்லை. நான்கு கார்டுகளிலும் நீ கேட்டது சரி.

உன் அப்பா ஜூலை கடைசியில் தனி வீடு பார்த்துப் போய்விட்டார். இது நாங்கள் இருவரும் பேசி எடுத்த முடிவு. சண்டை இல்லை, மூன்றாவது ஆள் யாரும் இல்லை. பேச ஒன்றும் மிச்சமில்லாமல் இரண்டு பேர் ஒரு வீட்டில் இருந்தோம், அதை முதலில் வாய்விட்டுச் சொன்னவர் அவர். உன் முதல் வருடம் முடிகிறவரை உனக்குச் சொல்ல வேண்டாம் என்பதும் பேசி எடுத்த முடிவுதான். புத்தகங்கள், கம்பளம், அவருடைய மெத்தை நாற்காலி எல்லாம் அவரோடு போயின. அலமாரி பெரியது, அவர் வீட்டு வாசலில் நுழையாது, அது போகவில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று எழுதியது பொய் இல்லை. அப்படி எழுதினால் பொய் ஆகாது என்று யோசித்துத்தான் எழுதினேன்.

அக்டோபரில், காலி அலமாரியின் மேல் வீட்டிலிருந்த கம்பளிகளையெல்லாம் தொங்கவிட்டுப் பலூனை உடைத்தேன். பழையபடி அடங்கிவிடும் என்று நினைத்தேன். கம்பளி பாதியைத்தான் குடிக்கும் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கிறது. போர்வை போர்த்திய அண்டா என்று நீ எழுதியிருந்ததைப் படித்தபோது, கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி இருந்தது.

உன் நவம்பர்க் கடிதம் வந்ததும் விண்ணப்பம் பற்றி விசாரித்தேன். மார்ச்சில் கொடுப்பார்களாம். தகவல் காகிதத்தைக்கூட வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டேன். நான் விரும்பியதுதான் நடக்கப் போகிறது, நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, பேசாமல் இருந்தால் போதும். அந்த வாரம் கூடத்தில் ஒருவர் தன் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டி, பாட்டிலில் கொண்டு வந்திருந்தார். வீடு விற்க நல்ல சான்றிதழ் வேண்டுமாம். முகர்ந்ததுமே தெரிந்தது. "மாதிரியில கை வச்சா நான் எதைச் சோதிக்கிறது? உங்களையா, தண்ணியையா?" என்று சத்தம் போட்டேன். வழக்கமாக நான் சத்தம் போடுவதில்லை. உதவியாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் அப்பாவின் வீட்டுக்குப் போனேன். அங்கே நான் போனது அதுதான் முதல் முறை. ஒற்றை அறை. நான்கு பக்கமும் புத்தகம், நடுவில் அவர். உன் கடிதத்தைப் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பூனைன்னு பேர் வச்சது நாம. இப்ப அவ காதையே பொய்யாக்கிட்டோம்" என்றார்.

"நாம இல்ல. நான். கம்பளி நான் மாட்டினது."

"கம்பளியா? எந்தக் கம்பளி?"

சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை. "தண்ணி டிபார்ட்மெண்ட்ல உன்னைப் பாத்தா நடுங்குவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீயா கலப்படம் பண்ணினே?" எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் வைத்துச் சிரித்திருக்க வேண்டாம் என்று படியிறங்கும்போது தோன்றியது. அது போகட்டும்.

இத்துடன் கார்டு இருக்கிறது. இரண்டு பதிவு. முதலாவது அப்பாவின் அறையில். முக்காலி இல்லாததால் இரண்டு சட்டப் புத்தகங்களின் மேல் ரெக்கார்டரை வைத்தோம், பலூனை அவர் குத்தினார். இரண்டாவது நம் முன்னறையில், கம்பளி இல்லாமல். புத்தகம் இருக்கும் அறையும் இல்லாத அறையும் உன்னிடம் இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார். கையில் இருக்கும் அளவு சரியென்று தெரிந்த பிறகு அதை அடித்துவிட்டு வருவதை எங்கள் கூடத்தில் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

பெயர் கொடுக்கக் கடைசித் தேதி தாண்டிவிடவில்லை என்று உன் அறைத்தோழியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவள் கத்தியதில் அது மட்டும்தான் புரிந்தது. நீ வேதியியலுக்கு வருவதானால் வா. காது இல்லை என்று சொல்லிக்கொண்டு மட்டும் வராதே.

என் மேல் கோபமாக இருக்கிறாயா என்று எழுது. இல்லையென்றாலும் எழுது.

இப்படிக்கு,
அம்மா


டிசம்பர் 16

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் கடிதத்துக்குப் பதில் எழுதுவதற்கு முன் வேறு வேலைகளையெல்லாம் செய்து முடித்தேன். செய்ய வேலை தீர்ந்துவிட்டதால் எழுதுகிறேன்.

கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். அப்பாவோடு போனில் நிறைய நேரம் பேசினேன், பாதி நேரம் இரண்டு பேரும் சும்மா இருந்தோம். அவர் அறை நன்றாக அடங்குகிறது. சும்மா இருந்தாலும் தெரிகிறது.

ஒப்பிட்டுப் பார்த்தேன். அவர் அறையும் நம் ஜூலை மாத அறையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி அடங்குகின்றன. உன் அறை முழங்குகிறது. டெசிபல் சாரிடம் ஐந்து கார்டையும் வரிசையாகப் போட்டுக் காட்டினேன். போர்வை வந்த இடத்தில் அவரே, "இது போர்வைன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். "எனக்கே முன்னாடி தெரியாது சார்" என்றேன். "காரணம்னு ஒரு இடம் இருக்கே, என்ன எழுதப் போற?" என்று கேட்டார். புத்தகங்கள் வேறு வீட்டுக்குப் போய்விட்டன என்று எழுதியிருந்ததைக் காட்டினேன். அதைப் படித்துவிட்டு என்னைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து வகுப்பில் மியாவ் இல்லை. எனக்கு அது ஒரு மாதிரி இருக்கிறது.

ஒலிப்பதிவுப் பிரிவில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. பட்டியலில் கடைசிப் பேர் என்னுடையது. மார்ச் மாதக் காகிதத்தை மேசையிலிருந்து எடுத்துவிடு.

இன்னும் ஒன்று. ஐந்தாவது கார்டில் நம் வீட்டுப் பதிவின் கடைசியில் நீ ரெக்கார்டரை நிறுத்த மறந்துவிட்டாய். பத்தி வாசித்து முடித்த பிறகு நாற்காலி இழுபடுகிறது, தட்டு கழுவுகிற சத்தம் கேட்கிறது. அப்புறம் நீ பாடுகிறாய். முதலில் முனகல்தான். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி, அதே வரியைக் கொஞ்சம் சத்தமாகத் திரும்பப் பாடுகிறாய், எப்படிக் கேட்கிறது என்று பார்ப்பதைப் போல. நீ பாடி நான் கேட்டதே இல்லை. அந்தப் பகுதியை சாருக்குப் போட்டுக் காட்டவில்லை, டிரம்ஸ்காரிக்கும் காட்டவில்லை. நான் மட்டும் கேட்டேன்.

அது எனக்காக எடுத்தது இல்லை. அழித்துவிடட்டுமா?

அன்புடன்,
மகள்


ஜனவரி 3

அன்புள்ள மகளுக்கு,

நலம். காகிதத்தை எடுத்துவிட்டேன். பட்டியலில் கடைசிப் பேர் என்று எதற்குச் சொல்லிக்கொள்கிறாய்? பட்டியலில் இருக்கிறது.

கோபம் பற்றி எழுதியதைப் படித்தேன். இருக்கட்டும். விடுமுறைக்கு வரும்போது முதல் பாதி இங்கே, இரண்டாம் பாதி அங்கே என்று அப்பாவும் நானும் பேசியிருக்கிறோம். வேறு மாதிரி வேண்டுமென்றால் நீ சொல், இந்த முறை நாங்களே முடிவு செய்வதாக இல்லை.

எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "அலமாரி இப்படி வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது, எதையாவது வாங்கி அடுக்கக் கூடாதா?" என்றார். அடுக்கலாம் என்று நானும் நினைத்திருந்தேன். கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

அழிக்க வேண்டாம். தானாகப் பதிவானதை எங்கள் கூடத்தில் அழிப்பதில்லை. தேதி குறித்து வை.

இப்படிக்கு,
அம்மா